உதறிக் காட்டிய கிளை

கோபம் வந்தால் சென்னியப்பனுக்குச் செருப்புப் போட மறந்துவிடும். அன்றும் வெறுங்காலோடுதான் மடத்துக்கு வந்தான். கையில் ஒரு மரவள்ளிக் கிளை. இலையடியில் மாவுப்பூச்சி வெள்ளை வெள்ளையாக அப்பிக் கிடந்தது.

மூன்று ஏக்கர் மரவள்ளியும் சுருண்டுபோன வயிற்றெரிச்சல். நியாயமான கோபம்தான். ஆனால் பத்து வருடம் மடத்து அம்மாவிடம் பாடம் கேட்டதெல்லாம் விழலுக்கு இறைத்த நீராகிவிட்டது.

அம்மா கொடியில் ஈரச்சேலையை விரித்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்குப் பஞ்சாயத்துங்கம்மா. என் பக்கத்துக்காட்டு மாரப்பனோட பப்பாளியை அடியோட வெட்டச் சொல்லப் போறேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊர் தட்டாதுங்க.”

“பூச்சி அவன் காட்டுல இருந்துதான் வந்துச்சா?”

“சத்தியமா! மருந்தடிடா மருந்தடிடான்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். அந்தப் பாவி காதுல வாங்கல. இப்ப ஊரே நாசமுங்க. டீக்கடைச் செம்பருத்தியில ஏறிடுச்சு. தலைவர் வீட்டுக் கத்தரியில ஏறிடுச்சு. எந்தங்கச்சி துவரங்காடு ரெண்டு மைல் தள்ளி இருக்குது, அதையும் விடல!”

“போன மாசமும் இப்படித்தான் ஒரு கிளையோட வந்த. அப்ப இங்க வர்றதுக்கு முந்தி யார்கிட்டயெல்லாம் காமிச்ச?”

“காமிக்காம இருப்பனா? டீக்கடையில காமிச்சேன். அப்புறம் தலைவர்கிட்ட.”

“எப்படிக் காமிச்ச?”

“பாருங்க மாரப்பன் பண்ணின வேலையன்னு, இப்படி மூஞ்சிக்கு நேரா உதறி...”

உதறியே காட்டினான். ஈரச்சேலைமேல் வெள்ளையாய் உதிர்ந்தது.

“தங்கச்சி வீட்டுலயும் உதறினியா?”

சென்னியப்பன் கையிலிருந்த கிளையைப் பார்த்தான். போன மாதம் அங்கே கிளையோடு போனபோது தங்கச்சி அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, அந்தக் கிளையைத் தானே எடுத்துப்போய்த் துவரை வரப்பில் வீசியது நினைவுக்கு வந்தது.

முற்றத்தில் பூசைக்குப் பூ தரும் செம்பருத்தி நின்றது. அதன் மொட்டெல்லாம் மாவுப்பூச்சி அப்பி வெளுத்திருந்ததை இப்போதுதான் பார்த்தான். கிளையை வேலிக்கு வெளியே எறியக் கையை ஓங்கினான்.

“எறியாத!”

அம்மா இப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை.

“கையிலயே புடி. உள்ள அடுப்பு எரியுது, அதுல போடு.”

“பஞ்சாயத்துக்கு வருவீங்களாம்மா?” என்று மெல்லக் கேட்டான்.

“வர்றேன். உன் காட்டுக்கு மாரப்பன் பதில் சொல்லட்டும். மத்ததுக்கெல்லாம் யார் பேரைச் சொல்லட்டும்?”