தளபதி கையில் தீனி

ரோமாபுரிப் படையில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. போருக்குக் கிளம்பும் முன் கூண்டுக் கோழிகளுக்குத் தீனி போடுவார்கள். கோழி தின்றால் வெற்றி நிச்சயம், படை கிளம்பலாம். தின்னாவிட்டால் ஒருவரும் நகரக் கூடாது.

தளபதி முர்சியஸுக்குப் போர்தான் வேண்டும். சமாதானம் பேச வந்த எதிரியின் தூதனை வாசலிலேயே காக்க வைத்துவிட்டு, கோழி பார்க்கும் அடிமை சிலோவைக் கூப்பிட்டான்.

"நாளைக்கு இதுகள் தின்றாக வேண்டும். இல்லையென்றால் உன் தலை இருக்காது."

"பட்டினி போட்டால் தின்றுவிட்டுப் போகிறது, எஜமானே."

மறுநாள் படை மொத்தமும் சுற்றி நின்றது. சிலோ தீனியை அள்ளித் தளபதியின் கையில் கொட்டினான்.

"என் கையில் எதற்குடா?"

சிலோ எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "யார் கையில் கோழி தின்கிறதோ அவருக்குத்தான் தெய்வத் துணை, எஜமானே. அவர் முன்வரிசையில் போனால் ஓர் அம்புகூடப் படாது."

"தளபதி முன்னால்! தளபதி முன்னால்!" என்று வீரர்கள் குதித்தார்கள். எந்தப் போரிலும் கூடாரத்தைத் தாண்டாத முர்சியஸுக்குக் குப்பென்று வியர்த்தது.

சிலோ கூண்டைத் திறந்தான். கோழிகள் பாய்ந்து வந்தன. முர்சியஸ் சட்டென்று கையை மூடிக்கொண்டான். அவை விடுமா? மூடிய கையையே கொத்தித் தள்ளின.

"பார்த்தீர்களா, தின்ன மாட்டேன் என்கிறது!" என்று அலறினான் தளபதி. "அந்தத் தூதனை உள்ளே வரச் சொல்லுங்கள்!"

அவன் விரலில் ரெண்டு சொட்டு ரத்தம். அந்தப் போரில் சிந்தியது அவ்வளவுதான்.