நிற்காத மணி

மயிலாத்தாளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது கம்பெனி வேனின் ஜன்னலில். வண்டி நகரும்போது தன் கழுத்தடியைத் தொட்டுத் தொட்டு எனக்கு ஏதோ காட்டினாள். புரியாமல் தலையாட்டி வைத்தேன். வண்டி மறைந்த பிறகுதான் என் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருப்பதைக் கண்டேன். மற்றதெல்லாம் அங்கே இருந்தவர்கள் சொல்லி அறிந்தது. அதை ஒரு புதிராக வைக்கிறேன், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. மூன்றாம் மாடியில் தையல். என் மனைவி மயிலாத்தாள் அங்கே சூப்பர்வைசர். தரைத் தளத்தில் வெட்டுத் துணி அடைத்த குடோன். கூரையெங்கும் ஸ்பிரிங்க்ளர் குழாய்கள். தீயின் சூடு பட்டால் அவற்றின் முனையிலுள்ள கண்ணாடிக் குமிழ் உடைந்து தண்ணீர் கொட்டும். குழாயில் தண்ணீர் ஓடினால் மணி அடிக்கும். பராமரிக்க வரும் மெக்கானிக் ஜெபராஜ் சோதனைக் குழாயைத் திறந்தாலும் அதே மணிதான்.

முந்தைய சோதனையில் மணி கேட்டுப் பெண்கள் அலறி ஓடி, ஒருத்தி படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். அதனால் இம்முறை ஜெபராஜ் முன்னதாகவே மேலே வந்தார்.

"மணி அடிச்சா யாரும் எந்திரிக்காதீங்க. சோதனைதான்."

"அந்நேரம் பாத்து நெசமாவே தீப்புடிச்சா என்ன பண்றதுங்க தம்பி?" என்று மயிலாத்தாள் கேட்டாள்.

"நானே வந்து சொல்றேன்க்கா. அதுவரைக்கும் யார் சொன்னாலும் நகராதீங்க."

'யார் சொன்னாலும்' என்றதும் எல்லோரும் எலக்ட்ரீஷியன் தண்டபாணியைப் பார்த்துச் சிரித்தார்கள். டீ நேரத்தில் "பாம்பு!" என்று கத்திப் பெண்களை ஸ்டூல்மேல் ஏற்றிவிடுவது அவர் வழக்கம்.

ஜெபராஜ் கீழே போய், அந்தக் குழாய்களுக்குத் தண்ணீர் தள்ளும் பம்பைச் சோதனைக்காக நிறுத்தினார். குழாயைத் திறந்தார், மணி அடித்தது. மூடினார், மணி நிற்கவில்லை. வேறெங்கோ குமிழ் உடைந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. குடோன் கதவிடுக்கில் புகை கசிந்தது.

பம்பறை கட்டடத்துக்குப் பின்னால், மேலே ஏறும் படி முன்னால்; பின்படிக் கதவு உள்ளிருந்து மட்டுமே திறக்கும். பம்பு ஓடாவிட்டால் குழாயில் மிஞ்சியிருக்கும் தண்ணீர் சற்று நேரத்தில் நின்று, தீ மாடி ஏறிவிடும். மேலே போகாவிட்டால் கொடுத்த வாக்குப் போகும். "நீ மேல ஓடு, நான் சொன்னேன்னு சொல்லு" என்று, கூடவே இறங்கி வந்திருந்த தண்டபாணியை அனுப்பிவிட்டு அவர் பம்பறைக்கு ஓடினார்.

தண்டபாணி முன்படியில் ஏறி, மூச்சிரைக்க வந்து, தீ, ஜெபராஜ்தான் அனுப்பினார் என்று கத்தினார்.

"ஏனுங்ணா, இன்னைக்குப் பாம்புக்கு லீவுங்களா?" என்றாள் ஒருத்தி. மணி அடித்துக்கொண்டே இருந்தது. தையல் மெஷின்களும் ஓடிக்கொண்டே இருந்தன. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்கும் சிரித்தார்கள்.

மயிலாத்தாள் சிரிக்கவில்லை. வருகிறேன் என்றவர் வரவில்லை. வந்தவர் சொல்லை நம்பவும் முடியவில்லை. "இருங்க, அந்தத் தம்பியவே கேட்டுப்போட்டு வந்தர்றேன்" என்று முன்படியில் இறங்கினாள். அதற்குள் புகை படியேறியிருந்தது.

"இந்தப் பக்கம் வராதீங்க! பின்படி! பின்படி!" என்று அவள் கத்தியது மேலே கேட்டது. எல்லோரும் பின்படியில் இறங்கிப் பிழைத்தார்கள். பம்பு ஓடியது, தீ குடோனைத் தாண்டவில்லை. புகை தாண்டியது. தண்டபாணிதான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். உயிர் இல்லை.

வாக்கை விட்டுத் தண்ணீருக்காக ஓடினார் ஜெபராஜ். யாரும் நம்பாத செய்தியைக் கொண்டுவந்து கெஞ்சினார் தண்டபாணி. வாக்கை நம்பி, கொடுத்தவரைத் தேடி இறங்கினாள் மயிலாத்தாள். இவர்களில் யார் செய்தது சரி?

மணி நிற்காமல் போன பிறகு மூவரும் செய்தது சரிதான் என்பது என் விடை. பம்பு ஓடியிராவிட்டால் பின்படியும் மிஞ்சியிருக்காது. தவறு அதற்கு முன்பே நடந்துவிட்டது. ஒரே மணிக்கு 'ஓடு' என்றும் 'உட்கார்' என்றும் இரண்டு பொருள் வைத்தார்கள். எது என்று சொல்ல ஒரே ஓர் ஆளை வைத்தார்கள். ஜெபராஜிடம் இதைச் சொல்லி, உங்கள்மேல் குற்றமில்லை என்றேன். "அக்கா கேட்டாங்களேங்க" என்று மட்டும் சொன்னார். அந்தக் கம்பெனியில் இப்போது சோதனை ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிறது. அன்று தையல் மாடியில் யாரும் இருப்பதில்லை.