முதல் பாங்கு

ஆட்டோமன் சுல்தான்களின் தொடக்க காலம். புர்ஸா போகும் மலைப்பாதையில் தூர்சுன் என்ற கொத்தனார் ஒரு பள்ளிவாசல் வளாகத்தைக் கட்டி முடித்திருந்தார். ஒரு பக்கம் மத்ரஸா, ஒரு பக்கம் குளியலகம், சற்றுத் தள்ளி ஏழைகளுக்குச் சோறிடும் சமையற்கூடம். நடுவில் இரட்டைக் குவிமாடப் பள்ளிவாசல்.

மறுநாள் திறப்பு. ஆளுநர் வருகிறார். மினாராவில் ஏறித் தொழுகைக்கு அழைக்கும் முதல் பாங்கு சொல்ல இஸ்னிக்கிலிருந்து ஒரு மோதினார் நான்கு நாள் நடந்து வந்திருந்தார். ஐம்பது வயது தூர்சுனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"கேளுங்கள், ஷேக் அவர்களே!"

குவிமாடத்தின் அடியில் நின்று கை தட்டினார். ஓசை மேலே ஏறி, சுற்றி, இறங்கி வந்தது.

"ஒரு தட்டுக்கு ஏழு எதிரொலி!"

ஷேக் ஸாலிஹ் சிரித்தார். தூர்சுன் பதினோரு ஆண்டுகளாக அவருடைய சீடர்.

அப்போது யாரோ கதவை இடித்தார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கம்பளி வியாபாரி ஒருவன். பின்னால் கோவேறு கழுதைமேல் அவன் மனைவி, வயிற்றைப் பிடித்தபடி.

"பாதை மூடிவிட்டது, ஐயா. இவளுக்கு வலி கண்டுவிட்டது."

ஷேக் தொழுகைக் கூடத்தை ஒட்டியிருந்த பக்கத்து அறையை நோக்கி நடந்தார். தூர்சுன் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

"பூச்சு இன்னும் காயவில்லை! கணப்பு மூட்டினால் சுவரெல்லாம் கறுத்துவிடும். நாளைக்கு ஆளுநர்..."

"இந்த அறையை யாருக்காகக் கட்டினாய்?"

"வழிப்போக்கர்களுக்கு."

"வந்துவிட்டார்கள்."

தூர்சுன் வழிவிட்டார். பிறகு சாரப் பலகைகளைத் தாமே பிளந்து கணப்பு மூட்டினார். சமையற்கூடத்துப் பெண்களைக் கூப்பிட ஓடினார். வெந்நீர் சுமந்தார். வெள்ளைச் சுவரில் புகை ஏறியதை அவர் பார்க்கவே இல்லை. வாசலில் வியாபாரியும் அவரும் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

உள்ளேயிருந்து ஓர் அழுகுரல் கிளம்பியது.

"பெண் குழந்தை!"

தூர்சுன் துள்ளிக் குதித்தே விட்டார்.

வியாபாரி குழந்தையைக் கம்பளியில் சுற்றி அவரிடம் நீட்டினான். "பிறந்த பிள்ளையின் காதில் முதலில் பாங்குதானே விழ வேண்டும்? நீங்களே இவள் காதில் சொல்லுங்கள், ஐயா. கணப்பு மூட்டியது நீங்கள்தானே."

தூர்சுன் கை நீட்டி வாங்கினார். ஷேக்கைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்கே இன்னும் யாரும் பாங்கு சொல்லவில்லையே, ஷேக் அவர்களே. நாளைக்கு ஊரே கூடியிருக்க, மோதினார் சொல்ல வேண்டியது அல்லவா? இப்போது நான் சொன்னால் இதுதானே முதல் பாங்கு ஆகிவிடும்?"

ஷேக் குழந்தையின் முகத்திலிருந்து கம்பளியை விலக்கினார்.

"ஆமாம். மெதுவாகச் சொல், பயந்துவிடப் போகிறாள்."