கொடி கழற்றிய சைக்கிள்

குழந்தைவேலு வாத்தியார் முப்பது வருஷம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதியவர். அவர் ஒரு அதட்டல் போட்டால் நூறு பிள்ளைகள் தலைதெறிக்க ஓடுவார்கள். முதுகில் கத்தி வைத்த பிறகு அந்த மனுஷருக்குப் பத்தடி நடப்பதே பெரும்பாடு. சாய்ந்துகொண்டு மிதிக்கிற சைக்கிளைத் தினமும் ஓட்டுங்கள், இல்லையென்றால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்த ஊரில் அதைச் சொல்லிக்கொடுக்கத் தவமணி ஒருத்திதான். வாத்தியாரைவிட இருபது வயது இளையவள். பாடம் என்று வந்துவிட்டால் வயதாவது ஒன்றாவது! மூன்று சக்கரம், முழங்கால் உயரத்தில் சாய்வு இருக்கை, நீட்டிய காலுக்கு நேரே பெடல். பின்னால் ஆளுயரக் கம்பியில் ஒரு ஆரஞ்சுக் கொடி.

ஒன்பதாம் நாள் வாத்தியார் கொடி இல்லாமல் வந்து நின்றார். முகம் கறுத்துக் கிடந்தது.

"கொடி எங்கீங்க சார்?"

"கழட்டிட்டேன் அம்மணி. டீக்கடையில ஒருத்தன், 'டேய், பாடை தானா போகுதுடா, கொடி வேற பறக்குது'ங்கறான். கடையே சிரிக்குது. அத்தனையும் எங்கிட்டப் படிச்ச பயலுக! நாண்டுக்கலாம்னு இருந்துச்சு. ஊரே சிரிக்கறப்ப எப்படி ஓட்டறது? நீயே சொல்லு."

தவமணி அவரைப் பக்கத்து லாரிப் பட்டறைக்குக் கூட்டிப்போனாள். ரோட்டைப் பார்த்துச் சும்மா நின்ற டிப்பர் லாரி ஒன்றின் டிரைவர் சீட்டில் இரண்டு மெக்கானிக்குகள் அவரைத் தூக்கி உட்காரவைத்தார்கள்.

"கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்குங்க. போன் பண்றேன்."

போன் அடித்தது.

"இப்பப் பாருங்க சார். முன்னால ரோடு எப்படி இருக்குதுங்க?"

"காலியாத்தான் இருக்குது. நீ எங்க போனே?"

"நல்லாப் பாருங்க."

"அட, ஈ காக்கா இல்லை அம்மணி. இதுல பார்க்க என்ன இருக்கு?"

"சரிங்க, இறங்கி வாங்க."

மெக்கானிக்குகள் தாங்கலாக இறக்கிவிட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டே லாரியின் முன்பக்கம் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பம்பருக்கு ஒரு முழம் தள்ளி, அவருடைய சைக்கிளில், தவமணி சாய்ந்து கிடந்தாள்.

"அடிப்பாவி! என்ன காரியம் பண்ணினே? வண்டி நகர்ந்திருந்தா?"

அவள் எழுந்திருக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கும் கொடி வெக்கமாத்தான் இருந்துச்சுங்க. ஒரே ஒரு நாள் கழட்டி வெச்சுட்டுப் போனார்."

வாத்தியார் பம்பரைப் பிடித்துக்கொண்டு டிரைவர் சீட்டை அண்ணாந்து பார்த்தார்.

"அந்த லாரிக்காரன்... போலீஸ்ல என்ன சொன்னான்?"

"நீங்க இப்ப மேல உக்காந்து சொன்னதையேதானுங்க சார்."