மதில் தாண்டாத சொறி

முன்னொரு காலத்தில், நோய் நொடி அண்டாத நாடு ஒன்று இருந்தது. கோட்டை வாசலில் அப்படித்தான் செதுக்கியிருந்தார்கள். செதுக்கிய கல்தச்சன் நடுநடுவே சொறிந்துகொண்டதால் எழுத்து மட்டும் கொஞ்சம் கோணல்.

அந்த நாட்டு விகடகவி பொன்னாயிரம், அரசரின் மூக்கைப் பற்றி ஏதோ சொல்லப்போய்ச் சில நாள் சிறையில் கிடந்தார். காலை நீட்ட இடமில்லை, எல்லோருக்கும் சொறி. அரண்மனைத் தோட்டத்தில் கத்தரிக்காய் பறித்ததற்காக அடைபட்ட சோலையன், புண் சீழ்பிடித்துக் காய்ச்சலில் பிதற்றினான்.

"பொறுத்துக்கடா, வைத்தியரோட வரேன்" என்று சொல்லிவிட்டு விடுதலையாகி வந்தார் பொன்னாயிரம்.

சிறைக்கு ஒரு வைத்தியர் வேண்டும் என்று அவர் சபையில் கேட்டதும் சிறைத் தலைவர் விக்கிரமகேசரி எழுந்தார். விகடகவியைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"மன்னா, சொறி சிறைக்குள்தான் இருக்கிறது. என் மதிலைத் தாண்டாது. வெளியே எவனாவது சொறிந்தால் அவன் தப்பி வந்த கைதி. பிடித்து உள்ளே தள்ள ஆணையிடுங்கள்!" சொல்லும்போதே பொன்னாயிரத்தின் சிவந்த முழங்கையைப் பார்த்தார்.

ஆணை பிறந்தது.

பொன்னாயிரத்துக்கு உடம்பெல்லாம் தீயாய் அரித்தது. கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு, "அருமையான ஆணை, அரசே" என்றார்.

வீட்டில் வேப்பிலையும் மஞ்சளும் பூசினார்; சபையில் தொடைக்கடியிலிருந்து கையை எடுக்காமல் காத்திருந்தார். விக்கிரமகேசரியின் பல்லக்கைச் சுமப்பவர்கள் சிறைக்காவலர்கள். அவர் சபையில் இருக்கும் நேரமெல்லாம் பல்லக்கின் பட்டு மெத்தையில் அவர்கள்தான் புரண்டு தூங்குவார்கள். அரசரைத் தினமும் கைப்பிடித்து அரியணை ஏற்றுபவரும் விக்கிரமகேசரிதான்.

சில வாரம் போனது. ஒருநாள், "நோயற்ற நம் திருநாட்டில்..." என்று முழங்கிய விக்கிரமகேசரியின் கை மெல்ல இடுப்புக் கச்சைக்குள் போய்ச் சொறிந்தது.

"தப்பி வந்த கைதி! பிடியுங்கள்!" என்று கத்தினார் பொன்னாயிரம்.

பிடிக்க ஓடிவந்த காவலர்கள் சொறிந்துகொண்டே வந்தார்கள். ராஜகுரு தூணில் முதுகைத் தேய்த்தார். சபையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த அரசரின் கையும் அக்குளுக்குப் போய், பாதியில் நின்றது.

"பொன்னாயிரம்... ஆணை எனக்குமா?"

"விலக்கு எதுவும் தாங்கள் வைக்கவில்லையே, அரசே. சிறையில் சோலையன் என்பவன் பக்கத்தில் ஒரு முழம் இடம் இருக்கிறது. தாங்கள் தங்கப்போகும் இடம். முதலில் வைத்தியரை அனுப்பலாமா?"

அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றே வைத்தியரும் வெந்நீரும் புதுப் பாய்களும் சிறைக்குப் போயின. கத்தரிக்காய் பறித்தது போன்ற சின்னக் குற்றத்துக்கு அடைபட்டவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போனார்கள். சோலையன் சுவரைப் பிடித்தபடி, ஆனாலும் நடந்தே போனான்.

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றிப் பரிசாக நீட்டினார். பொன்னாயிரம் அதைக் குச்சியால் வாங்கிக்கொண்டார்.