பதிமூன்றாம் வளைவு

நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸ். எந்த லோடு எந்த வண்டியில் போகும் என்று முடிவு செய்பவள் செல்லக்கிளி. வயது முப்பத்தைந்து. அவளிடம் அந்த வேலையைக் கற்க வந்தவர் மாசிலாமணி. வயது ஐம்பது. இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். இடுப்பு போய்விட்டது, அதனால் நாற்காலி வேலை.

ஐப்பசி மழை. நாற்பது ஆக்சிஜன் சிலிண்டர் வால்பாறைக்கு ஏற வேண்டும். மலையில் ஓர் ஆஸ்பத்திரி, ஆறு நோயாளிகள். அங்கே இருக்கும் ஆக்சிஜன் சாயங்காலம் ஐந்து மணி வரைதான் தாங்கும்.

"மலைக்கு நம்ம புது வண்டி. ஈரோட்டுக்குப் போற தீவன லோடுக்கு வாடகைக்கு வெளி வண்டி," என்றார் மாசிலாமணி. இதிலென்ன யோசனை என்பது போல.

செல்லக்கிளி வெளியே போனாள். திரும்பும் லோடு கிடைக்குமா என்று வெளியூர் வண்டிகள் ஏழெட்டு நின்றன. வாடகை கேட்கவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒன்றே கேட்டாள்.

"வீடு எங்கீங்க?"

"திருச்சி."

"ஓசூர்."

"வால்பாறைங்க," என்றான் டிரைவர் லூர்துராஜ். "லோடு இல்லேன்னா சும்மாவே ஏறிட வேண்டியதுதான்."

"சிலிண்டரை இதுல ஏத்துங்க."

மாசிலாமணி நொண்டிக்கொண்டே ஓடிவந்தார். "அம்மிணி, டயரைப் பாத்தீங்களா? என் வழுக்கை மண்டையாட்டம் இருக்குது. ஆறு உசுருங்க."

"பாத்தேனுங்கண்ணா. குடோன்ல புது டயர் இருக்கு. மாட்டி அனுப்புங்க."

"நம்ம வண்டி?"

"ஈரோடு."

மூன்று மணிக்கு மலையடிவாரத்திலிருந்து போன் வந்தது. மலைப்பாதையில் பதிமூன்றாம் வளைவில் மரம் சாய்ந்து கிடக்கிறது. கீழே நின்ற வண்டியெல்லாம் திரும்புகின்றன.

"நான் காலைலயே சொன்னேன்," என்றார் மாசிலாமணி.

அவர் டீயைத் தொடவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலே முக்காலுக்கு மறுபடி போன். ஆஸ்பத்திரியிலிருந்து. சிலிண்டர் வந்துவிட்டது.

நடந்ததை லூர்துராஜே பிறகு சொன்னான். மரத்தைப் பார்த்ததும், தன் வீட்டாட்கள் வேலை செய்யும் தேயிலை எஸ்டேட்டுக்கு போன் போட்டிருக்கிறான். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையை அப்படியே வைத்துவிட்டு, பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு, மழையில் முப்பது பேர் இறங்கி வந்தார்கள். ஒவ்வொரு சிலிண்டராக மரத்துக்கு மேலே தூக்கி, கைமாற்றி, அந்தப் பக்கம் வந்து நின்ற எஸ்டேட் டிராக்டரில் ஏற்றினார்கள். நாற்பதும் போயின.

இருபது வருஷத்தில் மரம் விழுந்த ரோடு எத்தனையோ பார்த்தவர் மாசிலாமணி. வண்டியைத் திருப்பத்தான் அவருக்குத் தெரியும்.

செல்லக்கிளியிடம் கேட்டார். "மரம் விழும்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"அது எனக்கெப்படித் தெரியும்?" செல்லக்கிளி அடுத்த லோடுச் சீட்டை எடுத்தாள். "அவர் எப்படியும் இன்னைக்கு வீட்டுக்குப் போய்ச் சேருவார்னு தெரியும்."