அளந்து சொன்னவர்

முகட்டாத்தா கோயிலுக்கு மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது படி. ஆத்தாளைக் கும்பிடப் போகிற யாருக்கும் இந்தக் கணக்கு தெரியாது, தேவையும் இல்லை. நாச்சிமுத்துவுக்கு மட்டும் தெரியும். முப்பத்து நான்கு வருஷம் சர்வேயராக நிலம் அளந்த மனிதர். சங்கிலியைக் கீழே வைத்துவிட்டு ஓய்வு பெற்றார். கால்கள் அளப்பதை விடவில்லை.

ஆத்தா மலையின் உச்சியில் இல்லை. கிழக்கும் மேற்கும் சரிந்து இறங்கும் நீண்ட முகட்டின் நடுவில், கூரை மேல் குருவி உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். காற்றுக்கு அங்கே ஓய்வே கிடையாது. கார்த்திகை மழை தொடங்கும் முன் நடை சாத்தினால், தை மாதம்தான் மறுபடி திறப்பார்கள்.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஏறுகிறவர் மூச்சு வாங்க நின்று, "இன்னும் எவ்வளவு தூரமுங்க?" என்று கேட்டால், இறங்குகிறவர் "இந்தா, வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும். பத்தாவது படியில் கேட்டாலும் இதுதான் பதில். கை கொடுத்துத் தூக்கிவிட்டுச் சொல்கிறவர்களும் உண்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போகிறவர்களும் உண்டு.

நாச்சிமுத்து சொல்வதில்லை. அவருக்கு விரதம் குறுக்கே நின்றது.

அடிவாரத்து மடத்தில் சேர்கிறவர்கள் ஆளுக்கொரு விரதம் எடுக்க வேண்டும். ஒருவர் உப்பை விட்டார். ஒருவர் கோபத்தை விட்டார், அது மறுநாளே திரும்பி வந்து சேர்ந்தது. நாச்சிமுத்து பொய்யை விட்டார். இரண்டு வருஷமாக ஒரு பொய் கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னவன் ஆவேன்.

மடத்தின் குரு மயிலாத்தாவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபத்திரண்டு. அவர் குருவை "அம்மா" என்பார். குரு அவரை "அண்ணா" என்பார். யாருக்கு யார் குரு என்று வெளியூர்க்காரர்கள் குழம்பிப் போவார்கள்.

அந்த வருஷம் நடை சாத்தும் நாள். மடத்துப் பூக்கூடையை விடியற்காலையில் மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நாச்சிமுத்து இறங்கிக்கொண்டிருந்தார். பாதி வழியில், பிளந்த பாறையின் நிழலில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு வெண்கல மணி. வலது கால் மடங்காமல் நேராக நீண்டிருந்தது.

"ஏனுங்கண்ணா, இன்னும் எவ்வளவு தூரமுங்க?"

"ஆயிரத்து நூத்திப் பன்னண்டு படிங்க அம்மணி."

 அவள் மடியிலிருந்த மணியை எடுத்துப் பாறையில் வைத்தாள்.

"அப்ப ஆகாதுங்க," என்றாள். "போன வருசமும் இதே பாறைலதான் உக்காந்தேன். ரெண்டு வருசத்துக்கு முன்னால பஸ்ஸுல இருந்து வுழுந்து கால் போயிருச்சுங்க. குச்சி இல்லாம நடக்க மாட்டேன்னு டாக்டருங்க சொன்னாங்க. எங்காலால ஏறி வந்து மணி கட்டறேன்னு ஆத்தாகிட்டச் சொல்லிப்போட்டேன். இந்த வருசமும் ஆகலீன்னா, இனி ஆகாதுன்னே வெச்சுக்கறதுங்க. ஊட்டோட கெடந்துக்க வேண்டியதுதான்."

கூட வந்த ஊர்க்காரர்கள் "வந்தாச்சு, வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே முன்னால் போய்விட்டார்களாம். ருக்குமணி என்று பெயர் சொன்னாள்.

நாச்சிமுத்துவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் படி குறையுமா? கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

மடத்தில் மயிலாத்தா பானகத்துக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து உட்காராமலே ஆரம்பித்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கோணுமுங்க. மேல போறவங்க வாரவங்க அத்தனை பேரும் அளந்து வுடறாங்க. நான் ஒருத்தன்தான் அளந்து சொல்றேன். பொய் சொல்லிச் சனத்தைக் கூட்டிட்டுப் போறது என்ன கோயிலுங்க?"

"யாருகிட்ட அளந்து சொன்னீங்க?"

அவர் நடந்ததைச் சொன்னார்.

"அந்தம்மா என்ன பண்ணுனாங்க?"

"மணியக் கீழ வெச்சுட்டாங்க."

"நீங்க?"

"எறங்கி வந்துட்டனுங்க."

"எத்தனை படி?"

"ஆயிரத்து இருநூத்தி இருபத்தெட்டு."

மயிலாத்தா தட்டிய வெல்லத்தை வழித்தெடுத்தார். வெல்லத்தைக் கரைத்தார், எலுமிச்சம்பழம் பிழிந்தார், சுக்கைத் தூவினார். ஒரு தூக்குப்போசியில் ஊற்றி மூடி நாச்சிமுத்துவின் கையில் கொடுத்தார்.

"அந்தம்மா தாகமா இருப்பாங்க."

"மறுபடியுமுங்களா?" நாச்சிமுத்து மலையை அண்ணாந்து பார்த்தார். "என்ற முட்டியும் அறுபத்தி ரெண்டு வயசு முட்டிதானுங்க."

மயிலாத்தா அடுத்த உருண்டை வெல்லத்தை எடுத்துத் தட்டத் தொடங்கிவிட்டார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது நாச்சிமுத்து பிளந்த பாறையை எட்டினார். ருக்குமணி அங்கேயே இருந்தாள். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் மனசு வரவில்லை. பானகத்தை அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். குடித்து முடித்து, புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்து, "எறங்குனவரு எதுக்குங்க ஏறி வந்தீங்க?" என்று கேட்டாள்.

 விரதம் இருக்கிறதே, ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிக்க நாச்சிமுத்துவால் முடியாது. பாறையிலிருந்த மணியை எடுத்துத் தோள்துண்டில் முடிந்துகொண்டார்.

"அஞ்சு மணிக்குக் கடைசிப் பூசை. மணிய நான் எடுத்துக்கறேன். கால நீங்க எடுத்து வைங்க அம்மணி."

"எண்ணாதீங்க," என்றாள் அவள்.

"வாய்க்குள்ள எண்ணிக்கறனுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு எழுந்தாள்.

இடது காலை வைப்பாள், குச்சியை ஊன்றுவாள், வலது காலை இழுத்துச் சேர்ப்பாள். ஒரு படி. நூறு படிக்கு ஒரு தரம் உட்கார்ந்தார்கள். பிறகு ஐம்பதுக்கு ஒரு தரம். முந்நூறாவது படியில் அவள் அழுதாள். ஐந்நூறாவது படியில் ஆத்தாளையே திட்டினாள். "ஏண்டி, கீழ ஒரு மரத்தடி கெடைக்கலியா உனக்கு?" நாச்சிமுத்து பயந்துபோய்ச் சுற்றிலும் பார்த்தார். திட்டியதில் அவளுக்கு எங்கிருந்தோ தெம்பு வந்து முப்பது படி ஒரே மூச்சில் ஏறினாள்.

முகடு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் காற்று முகத்தில் அறைந்தது. ருக்குமணி நான்கு படி முன்னால் இருந்தாள். திரும்பிப் பார்த்தால் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார்.

காலையிலிருந்து ஏறியதை மட்டும் கணக்கிட்டால் அது அவருக்கு நாலாயிரத்து நானூற்று அறுபத்தெட்டாவது படி. தொடை இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. கோயிலுக்கு இன்னும் இருநூற்றுப் பன்னிரண்டு. உலகத்தில் அவரைவிடத் துல்லியமாக அதை அறிந்தவர் எவரும் இல்லை. அதனாலேயே அவரால் எழ முடியவில்லை.

"அம்மணி, மணிய வாங்கிக்கங்க," என்றார். "எனக்கு இவ்வளவுதானுங்க. நீங்க போங்க, நேரமாகுது."

அவள் மேலே பார்த்தாள். கோயிலில் பூசைக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. பிறகு கீழே, அவரைப் பார்த்தாள்.

குச்சியை ஊன்றி, பக்கவாட்டில் திரும்பி, அந்த மடங்காத காலை ஒரு படி கீழே இறக்கினாள். ஏறுவதைவிட அது கஷ்டம், பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவது படி. மூன்றாவது படி. நான்காவது. அவர் பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டினாள்.

"எந்திரிங்கண்ணா. இந்தா, வந்தாச்சு."

நாச்சிமுத்து எழுந்தார். எப்படி எழுந்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அந்தக் கையைப் பிடித்தார், எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு படியை எண்ணவும் இல்லை. பாதியில் ஞாபகம் வந்து எண்ணப் பார்த்தார், எந்தப் படியில் நிற்கிறோம் என்றே தெரியவில்லை.

கடைசிப் படியில் அவர்களை ருக்குமணியின் ஊர்க்காரர்கள்தான் முதலில் பார்த்தார்கள். "அட, நம்ம ருக்குமணி!" என்று ஒருத்தி கூவினாள். கூட்டம் தானாக விலகி வழி விட்டது. யாரோ குலவையிட்டார்கள், அது பத்துக் குலவையாகி, ஐம்பது குலவையாகி, முகட்டின் இரண்டு பக்கமும் உருண்டு இறங்கியது. பூசாரி தீபத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆத்தா, கொஞ்சம் பொறுத்துக்கோ, ஆளு வந்துட்டு இருக்குது," என்று சன்னிதியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

ருக்குமணி தன் கையால் மணியைக் கட்டினாள். வேண்டுதல் மணி கட்டினவர்கள் கோயிலின் பெரிய மணியை ஒரு தரம் அடிக்கலாம். அவள் குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, இரண்டு வருஷத்து வலியையும் சேர்த்து இழுத்தாள்.

மலை முழுக்க மணி கேட்டது. நாச்சிமுத்து அங்கேயே நின்று குழந்தை மாதிரி அழுதார். எதற்கு என்று யோசிக்கவில்லை.

குச்சியை யாரோ எடுத்து வந்து கொடுத்தார்கள். "ஏறத்தான் வேண்டுதல். எறங்கறதுக்கு டோலி இருக்குதுங்கண்ணா," என்று அவள் ராணி போல டோலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

நன்றாக இருட்டிய பிறகு நாச்சிமுத்து மடத்துக்கு வந்து சேர்ந்தார். மயிலாத்தா திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். வெறும் தூக்குப்போசியை அவர் முன்னால் வைத்துவிட்டு நாச்சிமுத்து தரையில் சரிந்து உட்கார்ந்தார்.

"மணி கேட்டுச்சுங்கண்ணா," என்றார் குரு.

"ஆமாங்க." சீடர் காலை நீட்டிக்கொண்டார். "ஒண்ணு மட்டும் வெளங்கலீங்க அம்மா. இருநூத்திப் பன்னண்டு படி பாக்கி. எனக்கு நல்லாத் தெரியும். அந்தம்மா என்னைப் பாத்து 'இந்தா வந்தாச்சு'ன்னாங்க. நானும் எந்திரிச்சுட்டேன். அப்ப அது பொய்தானுங்களே?"

"அதச் சொல்றப்ப அந்தம்மா எங்க நின்னாங்க?"

"முன்னால ஏறிட்டிருந்தவங்க, நாலு படி எறங்கி, என்ற பக்கத்துல வந்து நின்னாங்க."

மயிலாத்தா விளக்கை மடத்துச் சன்னிதிப் பக்கம் திருப்பி வைத்தார்.

"அப்பறமென்னங்கண்ணா? வந்தாச்சுல்லங்க?"